ஸ்டிக்கருக்கு அடியில்

புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்கு,

முப்பத்தொரு வயதில் பணி நிறைவு உரை எழுதுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அடுத்த வாரத்திலிருந்து நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தப் போகிறேன். செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்து நம் அலுவலகத்தில் என் நாற்காலி உங்களில் ஒருவருக்கு வரும். அதன் இடது கை ஆடும், சாய்ந்துவிடாதீர்கள். அலுவலகத்தை நடத்தும் மேடம்தான் சொன்னார்: “போறதுக்கு முன்னாடி இவங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுத்துட்டுப் போ வேலு. மீட்டரை எப்படிப் பிடிக்கிறதுன்னு மட்டும் எழுதாத. அதை அவங்களே கத்துக்குவாங்க.”

அதனால் சந்தேகப்படுவதைப் பற்றி எழுதுகிறேன். நமக்குச் சம்பளமே அதற்குத்தான். விற்கிறவர் ஒன்று சொல்கிறார், வாங்குகிறவர் ஒன்று நினைக்கிறார், இன்சூரன்ஸ்காரர் இரண்டையும் நம்புவதில்லை. நடுவில் நின்று, இது சொல்லப்படுகிற வண்டிதானா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது நம் வேலை.

எனக்கு இந்தக் குணம் வேலையால் வந்ததில்லை. அப்பா மதுராந்தகம் பக்கம் நெல் போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எந்தக் காகிதம் வந்தாலும், அது கல்யாணப் பத்திரிகையாகவே இருந்தாலும், என் கையில் கொடுத்து, “எங்கியாச்சும் ஏமாத்திகீறானா பாரு” என்பார் அப்பா. எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதே சந்தேகத்தையும் சேர்த்துப் படித்தவன் நான்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு கார் பார்க்கப் போனோம். கதவைத் திறந்ததும் ஊதுபத்தி வாசம். நெற்றி நிறைய விபூதியோடு உரிமையாளர் நின்றிருந்தார். பக்திமான் என்று நினைத்துக்கொண்டேன். என்னைக் கூட்டிப் போயிருந்த சீனியர் டிக்கியைத் திறந்து ஸ்பேர் டயரைத் தூக்கினார். அடியில் காய்ந்த சேறு பாளம் பாளமாக இருந்தது. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி. திரும்பி வரும்போது சொன்னார்: “சாமி கும்புடறவன் வூட்ல ஊதுபத்தி கொளுத்துவான். கார்ல கொளுத்துனான்னா மூக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு போ.”

அந்த வாக்கியத்தை நெடுநாள் முழு உண்மை என்று வைத்திருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி கோவளத்தில் ஒரு ஷெட்டில் கிடைத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எப்போது கிளாசிக் ஆகிறது? அரசாங்கத்தைக் கேட்டால், ஐம்பது வருடம் ஆகட்டும், அப்புறம் வா, பழம்பெரும் வண்டி என்று தனியாகப் பதிந்து தருகிறேன் என்னும். அதுவரை அது வெறும் பழைய வண்டிதான். பழைய கார் கிளப்புகள் அவ்வளவு காக்க வைப்பதில்லை. அன்று நமக்கு வேலை கொடுத்த கிளப்பின் விதி இது: கால் நூற்றாண்டு ஆகியிருக்க வேண்டும். உடம்பு ஒரே வண்டியின் உடம்பாக இருக்க வேண்டும். எதையாவது மாற்றியிருந்தால் குற்றமில்லை, மறைத்திருந்தால் குற்றம். இதையெல்லாம் கிளப்பைச் சேராத ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவராகத்தான் நான் போனேன்.

வண்டிக்காரர் பெயர் அந்தோணி. ஊர் கோவளம். ஒரு காலத்தில் ஒரு டாக்டரிடம் டிரைவர். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த அந்த டாக்டர், கப்பலில் கொண்டு வந்த வண்டி அது. ஜப்பானில் செய்தது. வெள்ளை நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். சுவிட்சைத் தட்டினால் ஹெட்லைட் இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். டாக்டர் வயதாகி மகளிடம் போனபோது வண்டியை அந்தோணி பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தோணி அதை மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள ஒரு ரிசார்ட் வாசலில் நிறுத்தியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வருகிற ஜோடிகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். முட்டி தேய்ந்து, நாள் முழுக்க வண்டி ஓட்டும் வேலைக்குப் போக முடியாதவருக்கு அதுதான் பிழைப்பு.

அப்போது ரிசார்ட்டில் புது மேனேஜ்மென்ட். கிளப் சான்றிதழ் உள்ள கிளாசிக் வண்டிதான் வாசலில் நிற்கலாம், வெறும் பழைய வண்டி என்றால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கிளப் கமிட்டி அன்று மாலை கூடுவதாக இருந்தது. என் ரிப்போர்ட் அதற்கு முன்னால் போக வேண்டும். சான்றிதழ் கிடைக்காவிட்டால் வண்டியை விற்பதைத் தவிர அந்தோணிக்கு வேறு வழி இல்லை.

காலையில் பைக்கை எடுக்கும்போதே போன் வந்தது. கார் வாங்கி விற்கும் ஒரு புரோக்கர். கிளப் ஆட்களோடும் பழக்கம் உள்ளவர், நமக்கும் அறிமுகமானவர்தான்.

“தம்பி, இன்னிக்கி கோவளத்தாரு வண்டி பாக்கப் போறியாமே.”

“ஆமாங்க.”

“உன் நல்லதுக்குச் சொல்றேன். அது கட்டிங் வண்டி. ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டனது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. பானெட்ல, டிக்கில, டோர்ல ஸ்டிக்கர் ஒட்டிகினு இருப்பான் பாரு. அதுங்கீழதான் விஷயமே கீது. நீ பாட்டுக்கு ஓகே போட்டுட்டு அப்பறம் பேஜாராவாத.”

கட்டிங் வண்டி என்றால் என்னவென்று உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். விபத்தில் முன்பக்கம் போன வண்டி ஒன்று, பின்பக்கம் போனது ஒன்று. நல்ல பாதிகளை வெட்டி ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் மூன்றாவதாக ஒரு வண்டி பிறக்கும். வேகமாகப் போகும்போது ஒட்டிய இடத்தில் பிரிந்தால் உள்ளே இருக்கிற இரண்டு பேரும் போய்விடுவார்கள். ஆகவே இது சின்னக் குற்றச்சாட்டு இல்லை.

ரிசார்ட் வாசலில் அந்தோணி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு முன்னால் வண்டிக்கு வணக்கம் சொல்வதுபோலக் கதவைத் திறந்துவிட்டார்.

“வாங்க சார். நாஸ்தா ஆச்சா? கேன்டீன்ல சொல்லட்டா?”

“வேணாங்க. முதல்ல வண்டியைப் பாத்துடறேன்.”

“பாருங்க. எங்க வேணா பாருங்க. இன்னா வேணா கேளுங்க.”

இப்படிச் சொல்கிறவர்களிடம்தான் நான் அதிகம் கேட்பேன்.

படுத்து அடிப்பக்கம் பார்த்தேன். துரு இல்லை. உங்களில் கடலோரத்துக்காரர்கள் யாராவது இருந்தால் இதன் பொருள் தெரியும். கோவளத்தில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், கேட் துருப்பிடிக்கும், சைக்கிள் மணி துருப்பிடிக்கும். அத்தனை வருடம் அந்த ஊர்க் காற்றில் நின்ற வண்டிக்கு அடித்தகட்டில் துரு இல்லையென்றால், ஒன்று வண்டி அந்த ஊரில் நிற்கவில்லை, இல்லையென்றால் அந்தத் தகடு புதிது. முதல் சந்தேகம்.

கண்ணாடிகளின் மூலையில் எந்த வருடம் செய்தது என்று குறி இருக்கும். எல்லாம் ஒத்துப்போயின, டிரைவர் பக்கத்துக் கதவுக் கண்ணாடியைத் தவிர. இரண்டாவது சந்தேகம்.

ஸ்டிக்கர்கள். பானெட் நடுவில் ஒன்று, டிக்கி மேல் ஒன்று, இரண்டு கதவிலும் ஒவ்வொன்று. பந்தயக் கார் மாதிரி வட்டத்துக்குள் எண். புரோக்கர் சொன்ன இடம் பிசகவில்லை. பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டர் ஸ்டிக்கர் மேல் வைத்தால் உண்மை சொல்லாது. மற்ற இடங்களில் வைத்துப் பார்த்தேன். கம்பெனியிலிருந்து வந்த மெல்லிய பெயிண்ட்தான். ஆனால் வெட்டி ஒட்டியவன் ஒட்டின இடத்தில் மட்டும்தானே பூசியிருப்பான்?

டிக்கியைத் திறந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. மூடியின் உள் விளிம்பில், ஸ்டிக்கர் எட்டாத இடத்தில், மங்கிய சிவப்பில் மூன்று புள்ளிகள். மேலே இரண்டு, கீழே ஒன்று. சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்துப் பெயிண்டைத் தின்ற தடம். நம் பக்கத்தில் ஆயுத பூஜை கொண்டாடுகிற எந்த வண்டியிலும் பார்க்கலாம். ஆனால் இந்த வண்டி இருந்தது இரண்டே கைகளில். டாக்டரும் கிறிஸ்தவர், அந்தோணியும் கிறிஸ்தவர். இரண்டுமே பொட்டு வைக்காத வீடு. அப்படியானால் இந்த டிக்கி எந்த வீட்டிலிருந்து வந்தது?

துரு, கண்ணாடி, ஸ்டிக்கர், பொட்டு. எல்லாம் ஒரே பக்கம் கை நீட்டின. உண்மையைச் சொன்னால், வழக்கு முடிந்தது என்றுதான் எனக்குள் தோன்றியது.

“அண்ணே, இந்த ஸ்டிக்கரை எடுங்க. அடியில பாக்கணும்.”

அந்தோணி ஸ்டிக்கருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“அது இன்னாத்துக்கு சார்?”

“பாக்காம எழுத முடியாது.”

“வேற எங்க வேணா பாத்துக்கோங்க சார். அத மட்டும் வுட்டுடுங்க.”

“இன்னா வேணா பாருன்னீங்களே.”

“சொன்னேன். இல்லேங்கல.” கைக்குட்டையால் பானெட்டைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “எடுத்தா பெயிண்ட்டோட வந்துருமோன்னு கீது.”

நம் விதியை நினைவில் வையுங்கள். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் நாம் ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது. பார்க்க விடவில்லையென்றால், பார்க்க விடவில்லை என்று எழுதிவிட்டு வரலாம். கிளப் அதை நிராகரிப்பு என்றே படிக்கும். நம் பக்கம் ஒரு தவறும் இருக்காது. ஒதுங்கி நின்று மேடத்துக்குப் போன் செய்தேன்.

“அவ்ளோதான வேலு? ‘ஆய்வுக்கு அனுமதிக்கவில்லை’ன்னு போட்டு அனுப்பிடு. செங்கல்பட்டுல ரெண்டு லாரி நிக்குது.”

“அனுப்பலாம் மேடம்.”

“அப்பறம் இன்னா இழுவை? டிரைவருக்கு எவன் ஸ்போர்ட்ஸ் கார் குடுப்பான்? எனக்கு அதுலயே இடிக்குது.”

எனக்கும் காலையில் அதுதான் இடித்தது. அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் வேறு மாதிரி இருந்தது. இதே கேள்வியை என்னை வைத்தும் கேட்கலாம். நெல் போடுகிறவர் மகனுக்கு எவன் இந்த நாற்காலி கொடுத்தான்? கேட்டவர்களும் உண்டு. ஆனால் இரக்கத்தால் ஒரு வரி மாற்றி எழுதினால் நாளை அந்த வண்டியில் ஏறும் ஜோடிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் இரக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் யாரையெல்லாம் நான் சந்தேகப்படவில்லை என்று எண்ணிப் பார்த்தேன்.

ஒருவரை மட்டும் விட்டிருந்தேன். காலையில் போன் செய்தவர். ஸ்டிக்கர் இருக்கும் இடமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? என் நல்லதில் அவருக்கு என்ன அக்கறை?

“மேடம், ஒரு மத்தியானம் குடுங்க. வண்டி நிக்கிற ஷெட்டைப் பாத்துட்டு வந்துடறேன்.”

“கமிட்டிக்கு லேட்டாச்சுன்னா நீ பதில் சொல்லணும்.”

“சொல்றேன்.”

அந்தோணி வண்டியை ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில். அந்த வண்டியில் உட்காருவது பாயில் உட்காருவது மாதிரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸின் சக்கரம் என் காது உயரத்துக்கு வந்தது. சிக்னலில் பைக்கில் நின்ற இரண்டு இளைஞர்கள் குனிந்து பார்த்தார்கள்.

“அண்ணாத்த, வண்டி குடுக்கறியா?”

“உங்கப்பன் பொறந்தப்பவே கேட்டானுங்கடா” என்றார் அந்தோணி, முன்னால் பார்த்தபடியே. அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஷெட் கோவளத்தில், படகுகள் ஏற்றி வைக்கும் மணலுக்குச் சற்று உள்ளே. மெக்கானிக் ஏழுமலை, அந்தோணியின் வயதுக்காரர், வாய் நிறைய வெற்றிலை. படகு இன்ஜின்தான் முக்கிய வேலை. காரும் பார்ப்பார். நான் போனபோது ஒரு படகு இன்ஜினைத் தண்ணீர் டிரம்மில் முக்கி ஓட விட்டிருந்தார்.

“இது எதுக்குங்க?”

“கடல்ல ஓடி வந்தா உள்ள உப்பு நிக்கும். நல்ல தண்ணி காட்டி வெளிய தள்ளணும். இல்லன்னா துன்னுடும்.” சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். “நீதான் ரிப்போர்ட் போட வந்த ஆளா?”

“ஆமா. அந்தோணியண்ணன் வண்டிக்கு அடியில துருவே இல்லையே, அத எப்படின்னு கேக்க வந்தேன்.”

“அதுக்கும் இதே வைத்தியம்தான். ஒவ்வொரு சுத்தும் முடிஞ்சி வந்தா குழி மேல நிறுத்தி, கீழ நல்ல தண்ணி பீச்சியடிச்சி, காஞ்சதும் எண்ணெ பூசுவேன். கல்யாணத்துக்கு போயி வந்தாலும் சரி, கருமாதிக்கு போயி வந்தாலும் சரி. என்னமோ மாப்ளைக்கு தல தொவட்டற மாரி நின்னுகினு இருப்பான் இவன்.”

“நீ மட்டும் சும்மா பண்றியாக்கும்” என்றார் அந்தோணி.

குழியில் இறங்கிப் பார்த்தேன். வண்டி நின்று நின்று எண்ணெய் சொட்டிய தடம், தரையில் பழையதாக, ஆழமாக இருந்தது. துருக் கணக்கு தீர்ந்தது.

“டிரைவர் பக்கத்துக் கண்ணாடி?”

ஏழுமலை கையை மேலே காட்டினார். ஷெட் ஓரத்துத் தென்னை, கூரைக்கு மேல் சாய்ந்து நின்றது.

“தேங்கா?”

“எளநி. புதுப்பேட்டைக்கு போயி பழைய கண்ணாடி வாங்கியாந்து மாட்டினேன். மரத்த வெட்டச் சொல்லி இவன் கேட்டான். காய்க்கற மரத்த எவன் வெட்டுவான்? வண்டியத்தான் தள்ளி வுடச் சொன்னேன்.”

கண்ணாடிக் கணக்கும் தீர்ந்தது. ஆனால் இரண்டு பதிலும் நன்றாக இருந்ததால் எனக்குப் பயம் கூடியது. இருவரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லலாமே. பதில் எவ்வளவு வழவழப்பாக வருகிறதோ அவ்வளவு அழுத்திப் பிடித்துப் பாருங்கள், நழுவினாலும் நழுவும். முக்கியமான இரண்டும் அப்படியே இருந்தன, ஸ்டிக்கரும் பொட்டும்.

அப்போது டிரம்மில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை ஏழுமலை நிறுத்தினார். அதன் மூடியில், கிரீஸ் அழுக்குக்கு நடுவே, மங்கலாக மூன்று புள்ளிகள். மேலே இரண்டு, கீழே ஒன்று. திரும்பிப் பார்த்தேன். லேத் மெஷினில் அதே மூன்று. கம்ப்ரஸரில் மூன்று. சுவரோரம் சாய்த்திருந்த ஏழுமலையின் சைக்கிள் ஹேண்டில்பாரில் மூன்று. பழைய டேபிள் ஃபேனின் அடிக்கட்டையில்கூட.

“இந்தப் பொட்டு யார் வெக்கிறது?”

“நான்தான். ஆயுத பூஜைக்கு.”

“ஏன் மேல ரெண்டு, கீழ ஒண்ணு?”

“ஏன்னா? கை அப்டிதான் போவும்.” வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “ஷெட்டுக்குள்ள அன்னிக்கி இன்னா நிக்குதோ எல்லாத்துக்கும் வெப்பேன். பாய் வூட்டு படகு மோட்டாரு நின்னா அதுக்கும் உண்டு. யாரும் இதுவரிக்கும் வேணான்னு சொன்னதில்ல. பொரி கடலைக்கு மட்டும் மொத ஆளா வந்து நிப்பானுங்க.”

“அந்தோணியண்ணன் வண்டிக்கு?”

“டாக்டரு இருந்த காலத்துலேர்ந்து. முன்னாடி, பின்னாடி, ரெண்டு டோரு. டிக்கிய தொறந்தா உள்ளாரவும் ஒண்ணு. அன்னிக்கி வாழக்கன்னு வாங்கியாறதே இவன்தான்.”

நான் அந்தோணியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். முன்னாடி, பின்னாடி, இரண்டு கதவு. ஸ்டிக்கர் இருந்த இடங்கள்.

“அண்ணே, ஸ்டிக்கருக்கு அடியில பொட்டுத் தடமா?”

“கறை சார். குங்குமம் வெயில்ல காஞ்சி காஞ்சி பெயிண்ட்ட துன்னுட்ச்சி. எவ்ளோ பாலிஷ் போட்டும் போவல. அது இருந்தா கிளப்புல பெரிய பெரிய ஆளுங்க, வண்டிய கெடுத்து வெச்சிகீற, எடுத்துகினு போன்னு சொல்லுவாங்களாம். தெரியாம இருக்க ஸ்டிக்கர் ஒட்டிக்கச் சொன்னாங்க. மறைச்சது தப்புன்னும் தெரியும். அதான் நீங்க கேட்டதும் வாய் வரல.”

“யார் சொன்னது?”

அவர் சொன்ன பெயர், காலையில் எனக்குப் போன் செய்தவரின் பெயர். ஸ்டிக்கரையும் அவரே வாங்கி வந்து கொடுத்திருந்தார். வட்டத்துக்குள் எண் போட்டால் பந்தய வண்டி மாதிரி ஜோராக இருக்கும் என்று தன் கையாலேயே ஒட்டியும் விட்டிருந்தார்.

“உங்க வண்டிய அவர் விலைக்குக் கேட்டாரா?”

“போன தடவ வந்தப்ப கேட்டாரு. குடுக்க மாட்டேன்னேன். சரி, கிளப்புல எடுக்கலன்னா மட்டும் எனக்கே குடுன்னாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன்.”

ஏழுமலைக்குப் புரிந்துவிட்டது. புரோக்கரின் பரம்பரையைப் பற்றி அவர் சொன்னதை நான் எழுத முடியாது.

காலையில் நடந்ததை அந்தோணியிடம் சொன்னேன். பிறகு இதையும் சொன்னேன்: “அவர் கெட்டவர்ங்கிறதால உங்க வண்டி நல்ல வண்டி ஆயிடாது. ஸ்டிக்கரைத் தூக்கிப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும். அடியில வெல்டிங் இருந்தா வெல்டிங்னுதான் எழுதுவேன். எடுக்கும்போது பெயிண்ட் உரிஞ்சா உரிஞ்சதுன்னு எழுதுவேன். எடுக்கறதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்.”

அவர் ஏழுமலையைப் பார்த்தார்.

“என்னய இன்னாத்துக்கு பாக்கற? வண்டி உன்னுது” என்றார் ஏழுமலை.

“கை உன்னுதாச்சே.”

வெந்நீரில் நனைத்த துணியைப் பானெட் ஸ்டிக்கரின் மேல் போட்டு வைத்தார் ஏழுமலை. ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ஊற விட்டார். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார். அது வரவில்லை. மறுபடி வெந்நீர், மறுபடி எண்ணெய். என் பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேடம். எடுக்கவில்லை. அந்தோணி ஷெட்டுக்கு வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

மூலை எழும்பியது. பசை நூல் நூலாக இழுத்தது. பாதியில் ஓர் இடத்தில் வெள்ளையாக ஏதோ ஸ்டிக்கரோடு வந்தது. ஏழுமலையின் கை நின்றது. மீட்டரை ஒதுக்கிவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். பாலிஷ் மெழுகு. பெயிண்ட் இல்லை.

“வா” என்று உள்ளே இருந்தே கத்தினார் ஏழுமலை. “ஒன்யும் ஆவல, வா.”

ஸ்டிக்கர் முழுதாக வந்தது. அடியில் வெல்டிங் இல்லை, பள்ளம் நிரப்பும் பட்டி இல்லை, மறு பூச்சு இல்லை. மீட்டரை வைத்தேன். கம்பெனிப் பெயிண்ட்டின் கனம். நடுவில் மூன்று மங்கல் வட்டங்கள், மேலே இரண்டு, கீழே ஒன்று. அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் இன்னும் மெல்லிசு. ஒரே இடத்தில், ஒரே கை, வருடம் தவறாமல் வைத்த தடம். பிறகு டிக்கி, பிறகு கதவுகள். எல்லா இடத்திலும் அதே மூன்று.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி இன்னொரு வண்டி என்றால், இரண்டு பாதியிலும் ஏழுமலையின் கை எப்படி இருக்கும்? இடையில் யாராவது முழு வண்டிக்கும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், அத்தனை வருடத்துத் தடம் எங்கே போயிருக்கும்? இவர் அவமானம் என்று மூடி வைத்திருந்ததுதான், இந்த வண்டி முன்னும் பின்னும் ஒன்றாகவே ஒரே ஷெட்டில் நின்றது என்பதற்குச் சாட்சி. அதோடு நான் விடவில்லை. சந்தேகம் தீர்ந்தவுடன் சந்தோஷப்படுவதும் ஒரு வகைக் குருட்டுத்தனம். குழி மேல் நிறுத்தி, அடித்தகட்டு இணைப்புகளை முன்னாலிருந்து பின்னால்வரை மறுபடி பார்த்தேன். எங்கும் வெட்டு இல்லை.

ரிப்போர்ட்டை ஷெட்டிலிருந்தே எழுதினேன். ஒரு கண்ணாடி மாற்றப்பட்டது, காரணம் இன்னது. வெளியே நான்கு இடங்களிலும் டிக்கியின் உள் விளிம்பிலும் பூஜைப் பொட்டின் தடம், பெயிண்ட் மறுபடி பூசப்படவில்லை. ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது, உரிமையாளர் சம்மதத்தோடு என் முன்னால் அகற்றப்பட்டது. ஸ்டிக்கரை ஒட்டியவர் யார், காலையில் எனக்குப் போன் செய்தவர் யார் என்பதையும் எழுதினேன். ஒருவரே என்று மட்டும் எழுதவில்லை. இரண்டு வரியையும் அடுத்தடுத்து வைத்தேன்.

அதன் பிறகு மேடத்தைக் கூப்பிட்டேன். போனில் அனுப்பிய வரைவை அதற்குள் படித்திருந்தார்.

“பொட்டையெல்லாம் ஆதாரம்னு இதுவரிக்கும் யாரும் எழுதனதில்ல வேலு.”

“தெரியும் மேடம்.”

“போட்டோ தெளிவா இருக்கா?”

“இருக்கு. லேத் மெஷினையும் சேத்து எடுத்திருக்கேன்.”

“சரி, அனுப்பு” என்றார். “லாரிக்காரன் கத்தறான், வந்து சேரு.”

அன்று சாயங்காலம் புரோக்கர் மறுபடி கூப்பிட்டார். “இன்னா தம்பி, நோ போட்டியா?” நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன் என்றேன். அப்புறம் அவர் என் நல்லதைப் பற்றி அக்கறை காட்டவில்லை.

கமிட்டியில் ஒருவர், கறையுள்ள வண்டியை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டாராம். அது கறை இல்லை, இந்த ஊரில் இருந்ததற்கு அடையாளம் என்று இன்னொருவர் சொன்னாராம். சான்றிதழ் வந்தது. முந்தின நாள் வரை பழைய வண்டியாக இருந்தது அன்றிலிருந்து கிளாசிக். வண்டியில் ஒரு போல்ட்கூட மாறவில்லை. அதே ரிசார்ட் வாசலில், அதே நிழலில்தான் நின்றது. வாட்ச்மேன் மட்டும் வண்டியைத் தொட்டுப் பார்க்கிறவர்களை விரட்ட ஆரம்பித்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தோணி போன் செய்தார்.

“சார், ஒரு டவுட்டு. நாளிக்கு ஏழுமலை சந்தனத்த கொழச்சிகினு நிப்பான். வெக்கச் சொல்லட்டா, வேணான்னுடட்டா? இப்ப கிளாசிக் ஆய்ட்ச்சே. அவன் வேற, நீ சொன்னா வெக்கலன்னு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறான்.”

பெயிண்ட்டைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் படித்தவன் சொல்ல வேண்டிய பதில். நாக்கு வரை வந்தது.

“வெக்கச் சொல்லுங்கண்ணே” என்றேன். “சான்றிதழைப் புதுப்பிக்கிறப்போ வேற ஒருத்தன் வருவான். இந்த வருஷத்துப் பொட்டு மட்டும் இல்லன்னா, அன்னிக்கி வண்டி எங்க நின்னுதுன்னு சந்தேகப்படுவான்.”

அந்த வேறொருவர் உங்களில் ஒருவர்தான். கோவளத்துக்கு அந்த வண்டியைப் பார்க்கப் போகும்போது என் பெயரைச் சொல்ல வேண்டாம், என் ரிப்போர்ட்டை நம்பவும் வேண்டாம். பொட்டு அதே மூன்றா, அதே கையா என்று பாருங்கள். யாராவது காலையிலேயே போன் செய்து உதவி செய்தால், அவரையும் பார்க்க வேண்டியவர்கள் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொரி கடலை கொடுப்பார்கள், சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு ஸ்பேர் டயரைத் தூக்கிப் பாருங்கள். அந்தோணி கோபித்துக்கொள்ள மாட்டார்.